நியூத்திரன் காட்டும் பின்னலும் குலைவும்

சடப்பொருளின் நுண்துணிக்கைகள் அலைகளாகவும் ஒழுகுகின்றன என்னும் கருத்தை 1924 இல் பிரெஞ்சு அறிஞர் லூயி டீ புரோய் வெளியிட்டார். இக்கருத்தின் மீது எழுந்ததே குவாண்டம் பொறிமுறை எனவும் வழங்கும் சத்திச்சொட்டுப் பொறிமுறையாகும். இதன்படி ஒரு துணிக்கை இரு வழிகளிலும் ஒருங்கே செல்லும் நிலையில் இருத்தல் கூடும். அவ்வாறாயின், அத்துணிக்கைகளால் ஆன மேசையும் கல்லும் நாமும் ஏன் ஒருபோதும் ஈரிடத்திற் காணப்படுவதில்லை? நுண்ணுலகின் இவ்வியல்பு பேருலகை அடையுமுன் எங்கே மறைகின்றது? இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு நியூத்திரன் ஒரு சிறந்த கருவியாக அமைந்தது. அவ்வாய்வுகளிற் சிலவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நியூத்திரனும் தலையீட்டுமானியும்

1932 இல் ஜேம்ஸ் சட்விக் கண்டறிந்த நியூத்திரன் ஏற்றமற்றது. ஆகவே, வழியிலுள்ள மின்புலங்களால் அது எளிதில் அலைக்கழிக்கப்படுவதில்லை. ஆயினும் திணிவு உடைமையாற் புவியீர்ப்பையும், காந்தத் திருப்பம் உடைமையாற் காந்தப்புலத்தையும், கருவிசையால் அணுக்கருக்களையும் அது உணர்கின்றது. செக்கனுக்கு 2200 மீற்றர் வேகத்திற் செல்லும் நியூத்திரனின் அலைநீளம் ஏறத்தாழ 0.18 நனோமீற்றராகும். இது பளிங்கொன்றின் அணுத்தளங்களிடையேயான தூரத்தோடு ஒப்பிடத்தக்கது. ஆதலாற் பளிங்குகள் நியூத்திரன் அலைக்கு ஆடிகளாகப் பயன்படுகின்றன.

1974 இல் வியன்னாவிலுள்ள 250 கிலோவாற்று ஆராய்ச்சி உலையில் ஹெல்முட் ரவுக், வொல்ப்காங் திறைமர், உல்ரிக் பொன்சே ஆகியோர் இத்தத்துவத்தைப் பயன்படுத்தி முதலாவது பளிங்கு நியூத்திரன் தலையீட்டுமானியை இயக்கினர். குறைபாடற்ற ஒரே சிலிக்கன் பளிங்கினின்றும் மூன்று தகடுகள் வெட்டப்பட்டு, அடியில் ஒன்றாகவே விடப்படுகின்றன. முதலாவது தகடு கற்றையை இரண்டாகப் பிரிக்கும்; இரண்டாவது அவற்றை ஒன்றையொன்று நோக்கித் திருப்பும்; மூன்றாவது அவற்றைச் சேர்க்கும். இரு வழிகளுக்குமிடையே சில சென்ரிமீற்றர் இடைவெளி உண்டு. ஒரு வழியில் அலுமினியத் தகடொன்றை வைத்துச் சிறிது சிறிதாகத் திருப்பினால், அவ்வழி அலையின் அவத்தை மாறும். அதற்கேற்ப வெளியேறும் நியூத்திரன்களின் எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் அலைவுறும். உயர்வுக்கும் தாழ்வுக்குமுள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறுவதே மாறுபாட்டளவு. ஒருமைப்பாடு எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அறிவதற்கு இது நமக்கு அளவுகோலாகும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. கருவியைக் கடக்க நியூத்திரனுக்குச் செல்லும் நேரம் மிகச் சிறிது; கற்றையோ மிக ஐதானது. ஒரு நியூத்திரன் கருவியினுள் உள்ளபோது, அடுத்தது பெரும்பாலும் உலையிலுள்ள யூரேனியக் கருவினின்றும் இன்னும் வெளிப்பட்டிருக்காது. எனவே ஒரு நியூத்திரன் மற்றொன்றோடு தலையிடுகின்றது எனக் கூறுதல் பொருந்தாது. ஒவ்வொரு நியூத்திரனும் தன்னோடு தானே தலையிடுகின்றது.

குலைவு என்பது யாது?

துணிக்கை சென்ற வழி பற்றிய செய்தி சூழலில் எங்கேனும் பதியுமாயின், தலையீட்டுக் கோலம் மங்குகின்றது. துணிக்கையின் நிலை சூழலின் நிலையோடு பின்னிக்கொள்வதே இதற்குக் காரணமாகும். இதனை நாம் ஒருமைக் குலைவு என்போம். 1970 இல் ஜேர்மானியரான டீற்றர் சே இதன் அடிப்படையை எடுத்துரைத்தார். பெரும்பொருள் ஒன்றில் வளிமூலக்கூறுகளும் ஒளியும் இடையறாது மோதுவதால், அதன் ஒருமைப்பாடு கணத்திற் குலைந்துவிடுகின்றது.

வழிபற்றிய அறிவுக்கும் கோலத்தின் மங்கலுக்குமுள்ள தொடர்பை 1987 இல் சும்காமர், ரவுக், துப்பிங்கர் ஆகியோர் வெளியிட்ட பரிசோதனை தெளிவாக்குகின்றது. ஒரு வழியில் நியூத்திரன்களில் நூற்றில் ஒரு பங்கை மட்டும் செல்லவிடுவதாகக் கொள்வோம். இதனை இருவகையிற் செய்யலாம். முதலாவது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை உறிஞ்சும் தகடொன்றை வைத்தல். இரண்டாவது, நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்திருக்கும் சுழலுங் கதவொன்றை வைத்தல். இரண்டிலும் அவ்வழியாற் செல்லும் தொகை ஒன்றே. ஆனால் தலையீட்டின் வீச்சமோ ஒன்றன்று. கதவு மூடியிருக்கும்போது வந்த நியூத்திரன் மற்றை வழியாலேயே வந்தது என்பது ஐயமற்றது. ஆதலால் வீச்சம் நூற்றில் ஒன்றாகவே குறைகின்றது. உறிஞ்சும் தகட்டிலோ தப்பி வந்த நியூத்திரனின் வழி முற்றாகத் தீர்மானிக்கப்படுவதில்லை. ஆதலால் வீச்சம் நூற்றிலொன்றின் வர்க்கமூலமாகிய பத்திலொன்றாக நிற்கின்றது. எண்ணிக்கையின் இழப்பு வேறு, ஒருமையின் இழப்பு வேறு என்பது இதனாற் பெறப்படும்.

மறைந்ததும் மறைக்கப்பட்டதும்

கோலம் மங்கிய இடமெல்லாம் ஒருமைப்பாடு அழிந்துவிட்டது என முடிவு கட்டலாமா? ஆகாது என்பதே நியூத்திரன் ஆய்வுகள் தரும் விடை. ஒரு வழியிற் பிசுமதுத் துண்டொன்றை வைத்தால், அவ்வழி அலைப்பொதி மற்றதனின்றும் இடம்பெயர்கின்றது. துண்டின் தடிப்பை மிகுத்தால், பொதிகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியாது விலக, மாறுபாட்டளவு ஏறத்தாழச் சுழியமாகின்றது. இப்போது அதே வழியிலே தைத்தேனியத் துண்டொன்றையும் சேர்த்தனர். தைத்தேனியக் கருவின் சிதறல் நீளம் எதிர்க்குறி உடையது. ஆதலால் அது பொதியை எதிர்த்திசையிற் பெயர்க்கின்றது. மங்கிய கோலம் மீளத் தோன்றியது! 1991 இல் வெளியான இவ்வாய்வு அவத்தை எதிரொலி எனப்படும். மேலும், இடவெளியிற் கோலம் காணப்படாதபோதும், வெளிவரும் நியூத்திரன்களை வேகவாரியாகப் பிரித்து நோக்கின் அங்கே ஏற்றவிறக்கங்கள் தெரிகின்றன என்பதும் பின்னர் காட்டப்பட்டது. ஒருமைப்பாடு அழியவில்லை, நாம் நோக்காத இடத்திலே ஒளிந்திருந்தது.

கருவியின் அதிர்வும் இத்தகையதே. அதிர்வினால் ஒவ்வொரு நியூத்திரனும் வெவ்வேறு அவத்தையைப் பெற, சராசரியில் கோலம் மங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய தராதர, தொழினுட்ப நிறுவகத்தில் மூன்று தகடுகளுக்குப் பதிலாக நான்கு தகடுகள் கொண்ட கருவி அமைக்கப்பட்டது. அதில் இரு வழிகளும் ஒன்றையொன்று குறுக்காகக் கடப்பதால், மெதுவான அதிர்வின் விளைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. குலைவுக்கு எட்டாத நிலைகளைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதை 2011 இல் வெளியான இவ்வாய்வு மெய்ப்பித்தது.

ஒரே நியூத்திரனிற் பின்னல்

பின்னல் என்றவுடன் தொலைவிலுள்ள இரு துணிக்கைகளே பொதுவாக நினைவுக்கு வரும். 1935 இல் ஐன்ஸ்டைன் முதலியோர் எழுப்பிய வாதமும், 1964 இல் ஜோன் பெல் தந்த சமனிலியும் அவற்றையே பற்றியன. நியூத்திரன் ஆய்வாளரோ ஒரே நியூத்திரனின் இரு பண்புகளைப் பின்னினர். ஒரு வழியிற் செல்லும் அலையின் கறங்கலை மட்டும் காந்தப்புலத்தால் எதிர்ப்புறம் திருப்பினால், வழியும் கறங்கலும் பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்துவிடுகின்றன.

பிரான்சிலே கிரெனோபிள் நகரில் உள்ள லவுவே–லாஞ்செவின் நிறுவகத்தில் யூஜி ஹசெகவா, ரவுக் முதலியோர் செய்து 2003 இல் வெளியிட்ட பரிசோதனையில், பண்புகள் யாவும் அளவீட்டுக்கு முன்னரே, பிற அளவீடுகளைச் சாராது, நிச்சயிக்கப்பட்டிருப்பின் 2 ஐ மேவாதிருக்க வேண்டிய ஒரு கணியம் 2.051 எனப் பெறப்பட்டது; வழு 0.019 ஆகும். கொள்கைப்படி அது 2.828 வரை செல்லலாம். கருவியின் மாறுபாட்டளவு முழுமையாக இன்மையே குறைவுக்குக் காரணம். இரு பண்புகளும் ஒரே துணிக்கைக்குரியன ஆதலால், தொலைவிடையே தாக்கம் உண்டா என்பது இங்கு சோதிக்கப்படவில்லை. ஒரு பண்பின் பெறுமானம் உடனளக்கப்படும் மற்றைப் பண்பின் தேர்வைச் சாராது என்னும் கொள்கையே தகர்க்கப்பட்டது. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

2020 இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழுவினர் இங்கிலாந்தின் ஐசிஸ் நியூத்திரன் நிலையத்தில் இத்தகைய பின்னலைச் சிதறல் ஆய்வுக்குரிய கற்றையிலேயே உண்டாக்கிக் காட்டினர். பின்னிய நியூத்திரனைக் கொண்டு திண்மப் பொருளினுள் இருக்கும் பின்னலை ஆராய்தல் அவர்களது நோக்கமாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், பின்னலும் குலைவும் பகையல்ல, ஒரே தாயின் பிள்ளைகள் என்பது புலனாகும். நாம் அடக்கியாளும் இரு பண்புகளிடையே நிகழும்போது அதனைப் பின்னல் என்கிறோம். எண்ணிலடங்காச் சூழலோடு நிகழும்போது குலைவு என்கிறோம். கல்லும் மேசையும் வேறொரு விதிக்கு உட்பட்டன என இவ்வாய்வுகள் கூறவில்லை. அவற்றின் ஒருமைப்பாடு மீட்கவொண்ணாதவாறு சூழலிற் பரந்துவிட்டது என்றே அவை உணர்த்துகின்றன. ஆயினும், பல வாய்ப்புகளுள் ஒன்றே ஏன் நமது எண்ணியிற் பதிகின்றது என்னும் வினாவைக் குலைவு மட்டும் தீர்த்துவிடாது. அவ்வினா இன்றும் எஞ்சி நிற்கின்றது.