பாலத்தூண்களின் அடியில் மீன்பிடிப்போர் அறியவேண்டியவை

கல்லடியில் மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் ஆங்கிலேயர் காலத்துப் பழைய பாலத்தின் தூண்களிலும், 2013ஆம் ஆண்டில் அதன் அருகே திறக்கப்பட்ட புதிய பாலத்தின் தூண்களிலும், நீர்மட்டத்தின் கீழ்ப் பாசியும் சிப்பியும் படிந்து கிடப்பதால், பாசியை மேயும் ஓராவும், நிழலிற் பதுங்கிச் சிறுமீனுக்குக் காத்திருக்கும் கொடுவாவும் அவ்விடத்தை நாடுகின்றன. அவற்றை நாடி, ஜீவனத்தின்பொருட்டும் பொழுதுபோக்காகவும் தூண்டிலேந்தியோர் வருகின்றனர். இவர்கள் முதலில் அறியவேண்டிய அபாயம், தூண்டிலில் ஏறிவரும் மீனிடத்திலேயே இருக்கிறது.

ஓராவின் முதுகிலும் அடிவயிற்றிலும் உள்ள செட்டை முட்களும், கெளிற்றின் முதுகிலும் இரு பக்கங்களிலும் நிமிர்ந்து நிற்கும் முட்களும் விஷமுடையவை. இருட்டில் தூண்டில்முள்ளைக் கழற்றுவதற்காக மீனை உள்ளங்கையில் அழுத்திப் பிடிக்கும் ஒருவனுக்குப் பெருவிரலின் அடியில் விஷமுள் ஏறிவிடுமாயின், சிறிது நேரத்திலேயே கையெங்கும் பரவும் வேதனையில் அவன் சுண்ணாம்பைத் தடவுவதும், பனிக்கட்டியை வைப்பதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் பயனற்ற உபாயங்களாம். அந்த விஷம் வெப்பத்திற் சிதையும் தன்மையது. ஆகவே, கண்ணுக்குத் தெரியும் முள்ளை அகற்றிக் காயத்தைக் கழுவியபின், பொறுக்கக்கூடிய அளவு சூடான, 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத நீரில் 30 முதல் 90 நிமிடம்வரை கையை அமிழ்த்தி வைத்தலே முதற்சிகிச்சை; விறைத்த கை சூட்டை உணராதாகையால், நீரைக் காயப்படாத கையால் சோதித்துக்கொள்ள வேண்டும். முள் முறிந்து உள்ளே தங்கினாலும் வீக்கம் பெருகினாலும் வைத்தியசாலைக்குச் செல்க. ஏற்புவலித் தடுப்பூசி பற்றியும் அங்கே கேட்டறிக. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் பிரஜைகளுக்குச் சிகிச்சை இலவசம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸும் கட்டணமின்றி வரும்.

பேத்தை மீன் அகப்பட்டால் அதை உண்ணலாகாது. அதன் விஷம் சமைத்தாலும் அழியாது, மாற்றுமருந்தும் கிடையாது. உண்டபின் உதடும் நாவும் விறைக்குமாயின், சுவாசம் தடைப்படுமுன் வைத்தியசாலையை அடைந்துவிட வேண்டும்.

மாரியில் வாவி நிரம்பிப் பாலமீன்மடுவில் ஆற்றுவாய் வெட்டப்படும்போது நீர் கடலை நோக்கி விரைகிறது. தூண்களைச் சுற்றிச் சுழலும் அந்தப் பிரவாகம் அடிமணலை அரித்துக் குழியாக்கிவிடுவதால், நேற்று மார்பளவு நீரில் நின்று வீச்சுவலை எறிந்த இடத்தில் இன்று கால் ஊன்ற நிலமிராது. அந்நாட்களில் தூண்களினருகே இறங்காதிருப்பதே உத்தமம்.

வெடியாலோ நஞ்சாலோ மீன்பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அவ்வாறு பிடிக்கப்பட்டதென அறிந்தும் அம்மீனை விற்பவரும் வாங்குபவரும் அதே சட்டத்திற்கு உட்பட்டவரே. வெடியிற் செத்த மீனை அறுத்தால் முதுகெலும்பை ஒட்டி இரத்தம் கட்டியிருக்கும், எலும்பு முறிந்திருக்கும், காற்றுப்பை கிழிந்திருக்கும். அத்தகைய மீன் சந்தையில் கண்ணிற்பட்டால் கடற்றொழில் பரிசோதகரிடமோ, 119 என்ற பொலிஸ் இலக்கத்திலோ எவரும் முறையிடலாம்.