பெருங்குடலில் தோன்றும் சிறு பைகள்

அறுபதைத் தாண்டிய நம் வீட்டுப் பெரியவர் ஒருவர், காலையில் மலத்தோடு இரத்தம் போவதைப் பார்க்கிறார். யாரிடமும் சொல்வதில்லை. "ஒண்ணுமில்ல, உடம்புச் சூடு. மூலமா இருக்கும்" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, மோரில் வெந்தயம் போட்டுக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார். மூன்றாம் நாள் தலைசுற்றி விழுந்த பிறகுதான் மகனுக்கும் மருமகளுக்கும் விஷயம் தெரிகிறது. ஆஸ்பத்திரியில் கொலோனோஸ்கோபி செய்து எழுதித் தரும் சீட்டில் 'டைவர்டிகுலோசிஸ்' என்று இருக்கிறது. வாயில் நுழையாத அந்தப் பெயரைப் பார்த்ததும், "கேன்சரோ?" என்று வீடே பதறுகிறது.

கேன்சர் இல்லை. என்னதான் அது என்று பார்ப்போம்.

பெருங்குடல் ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ள தசைக்குழாய். இரத்தக் குழாய்கள் அதன் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் இடங்கள் சற்றுப் பலவீனமானவை. சைக்கிள் டயர் தேய்ந்த இடத்தில் ட்யூப் வெளியே பிதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல உள்ளே அழுத்தம் கூடும்போது, குடலின் உட்சவ்வு அந்த இடங்களில் சிறு பைகளாக வெளியே தள்ளிக்கொள்கிறது. வயது ஏற ஏற இது சகஜம். பை இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் வருவதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும்.

தொந்தரவு வந்தால் அநேகமாக இரண்டு விதத்தில் வரும். ஒன்று, பை புண்ணாகி வீங்குவது. காய்ச்சலோடு அடிவயிற்றின் இடது பக்கம் விடாமல் வலிக்கும். மேலை நாட்டாருக்குப் பைகள் பெரும்பாலும் இடப்பக்கம்தான். ஆசிய மக்களில் பலருக்கு வலப்பக்கமும் உண்டாவதால், அப்பெண்டிக்ஸ் வலி என்றே ஏமாந்துபோவதும் உண்டு. மற்றொன்று, பையின் மேல் ஓடும் இரத்தக் குழாய் கிழிவது. இதில் வலியே இருக்காது, திடீரென்று நிறைய இரத்தம் போகும். பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். ஆனால் நிற்கும் என்று நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. மூலமா, பையா, கேன்சரா என்பதை இரத்தத்தின் நிறத்தைப் பார்த்து நாமே முடிவு செய்ய முடியாது.

காரணம் என்ன? உகாண்டாவில் பல ஆண்டுகள் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், நீல் பெயின்டர் என்பவரோடு சேர்ந்து 1971-இல் ஒரு கட்டுரை எழுதினார். நார்ச்சத்து குறைந்த மேலைநாட்டுச் சாப்பாடே இதற்குக் காரணம் என்பது அவர்கள் வாதம். ஆப்பிரிக்கக் கிராமத்தாரிடம் இந்நோய் மிக அரிதாக இருந்ததை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். (நம் கேழ்வரகின் பூர்வீகமும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான் என்பது ஒரு சுவையான பொருத்தம்!) பிற்கால ஆய்வுகள் இந்த வாதத்தைக் கொஞ்சம் திருத்தியிருக்கின்றன. பை உண்டாவதை நார்ச்சத்து தடுக்கிறதா என்பது இப்போது சந்தேகத்துக்குரியது. பை புண்ணாகி ஆஸ்பத்திரிக்குப் போக நேர்வது, நார்ச்சத்து உண்பவர்களிடம் குறைவு என்பதுதான் தெளிவாகத் தெரிகிறது.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இன்னொரு செய்தி. ஸ்வீடனில் குடியேறிய பிற நாட்டாரை ஆராய்ந்தபோது, வந்த புதிதில் இந்நோய் குறைவாகவும், ஆண்டுகள் செல்லச் செல்ல அதிகமாகவும் இருந்தது. தருமபுரியிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் பெங்களூருக்கு வந்த நம் தாத்தாக்கள் களி தின்றவர்கள். இங்குள்ள கன்னட அன்பர்கள் அதையே முத்தெ என்று உருட்டி இன்றும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். நாம்தான் பாலிஷ் அரிசிக்கும் மைதா பரோட்டாவுக்கும் மாறிவிட்டோம். நூறு கிராம் ராகியில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. ராகி, கோதுமை, கீரை, அவரைக்கொட்டை, கொய்யா எதுவானாலும் சரி, மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும், தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும். பிறகு பழி களியின் மேல் விழும்!

"விதை போய் பைக்குள்ள மாட்டிக்கும், கொய்யா, தக்காளி, வேர்க்கடலை எல்லாம் ஆகாது" என்று பலர் பத்தியம் சொல்வார்கள். முன்பு டாக்டர்களே சொன்னதுதான். அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் 18 ஆண்டுகள் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வு இந்தப் பயத்தைப் போக்கிவிட்டது. கடலை வகைகளை அதிகம் தின்றவர்களுக்கு நோய் அதிகமாகவில்லை, சற்றுக் குறைவாகவே இருந்தது.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள், இந்தப் பைகளில் இரத்தப்போக்கையும் ஓட்டை விழுவதையும் அதிகமாக்கக்கூடியவை. பை இருப்பது தெரிந்தவர்கள் அவற்றுக்கு மாற்று என்ன என்று டாக்டரிடம் கேட்பது அவசியம். அதேசமயம், இதயத்துக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை நாமாக நிறுத்துவதும் ஆபத்து.

புண்ணாகி வலிக்கும் நாட்களில் நார்ச்சத்து வேண்டாம். கஞ்சி, ரசம், இளநீர் என்று குடலுக்கு ஓய்வு கொடுத்து, வலி அடங்கிய பின் பழைய சாப்பாட்டுக்கு வரலாம். விளக்கெண்ணெய் பேதி கூடவே கூடாது. எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பது இப்போதைய கருத்து. சி.டி. ஸ்கேன் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். வயிறு பலகைபோல் இறுகினாலும், குளிர்காய்ச்சல் வந்தாலும் இராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்படுவது சிலருக்குத்தான்.

வீக்கம் இருக்கும்போது கொலோனோஸ்கோபி செய்வதில்லை, குடல் ஓட்டையாகிவிடலாம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். அதற்குள் வலி போயிருக்கும், "இப்பதான் சரியாப்போச்சே" என்று பெரியவர் மறுப்பார். எப்படியாவது அழைத்துப் போங்கள். வீக்கத்துக்குப் பின்னால் கேன்சர் ஒளிந்திருக்கவில்லை என்பதை உறுதிசெய்யவே அந்தப் பரிசோதனை.