தண்ணீர் சேராத மருந்து

பட்டினியில் மெலிந்து துவண்டுபோன குழந்தைக்கு வயிறு நிறையச் சோறு ஊட்டினால் அது இறந்துபோகக்கூடும். கேட்கவே கொடுமையாக இருக்கும் இந்த உண்மைக்குக் காரணம் உடலின் சிக்கனம். உணவு வராத நாட்கள் நீளும்போது இதயமும் கல்லீரலும் சிறுநீரகமும் தங்கள் வேலையைச் சுருக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரதங்கள்கூட மந்தமாகிவிடுகின்றன. செல்லுக்குள் சோடியம் தேங்குகிறது. பொட்டாசியம் உடலை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் உணவு வெள்ளமாக வந்தால், ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் கொஞ்சப் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்கள் உறிஞ்சிக்கொள்ள, இதயம் தடுமாறுகிறது.

இதற்காகவே மருத்துவர்கள் இரண்டு பால்களை உருவாக்கினார்கள். முதல் சில நாட்களுக்கு 100 மில்லிக்கு 75 கலோரி தரும் எஃப்-75. உடல் நிலைப்பட்ட பிறகு, 100 கலோரி தரும் எஃப்-100. அருமையான மருந்துகள். ஆனால் தூளாக வருபவை. தண்ணீரில் கரைக்க வேண்டும். தண்ணீர் அசுத்தமானால் பால் கெடும். சுத்தமாகவே இருந்தாலும் வெயிலில் சில மணி நேரத்தில் கிருமி பெருகிவிடும். ஆகவே குழந்தை வாரக்கணக்கில் மருத்துவமனையிலேயே கிடந்தாக வேண்டும்.

ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் கம்பு அறுவடைக்கு முந்தைய மாதங்கள்தான் பசி உச்சத்தில் இருக்கும் காலம். வயலில் தாயின் கைகள் மிகவும் தேவைப்படும் காலமும் அதுவே. வீட்டில் மற்ற பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஒரு குழந்தையைக் காப்பாற்ற மற்றவர்களை விட்டுவிட்டு வா என்று ஒரு தாயிடம் சொல்வது என்ன சிகிச்சை?

1996-இல் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியாந், நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷெல் லெஸ்கானுடன் சேர்ந்து ஒரு மாற்று கண்டார். எஃப்-100-இல் உள்ள பால்தூளில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அரைத்த நிலக்கடலை விழுதைச் சேர்த்தார். சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாது உப்புகள் எல்லாம் அதிலேயே அடக்கம். இதன் அற்புதம் சத்தில் மட்டும் இல்லை, தண்ணீர் இல்லாமையிலும் இருக்கிறது. பால்தூளும் சர்க்கரையும் கொழுப்புக்குள் புதைந்து கிடப்பதால், கிருமி விழுந்தாலும் பெருகுவதற்கு ஈரம் கிடைப்பதில்லை. அடுப்பு வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம். 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி. நுனியைக் கிழித்துக் கொடுத்தால் குழந்தையே சப்பிச் சாப்பிடும். குடிக்க நல்ல தண்ணீர் மட்டும் தனியே தர வேண்டும்.

இனி எல்லாக் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பலாமா? அதைச் சொல்வது குழந்தையின் பசிதான். முகாமில் பணியாளரின் கண்ணெதிரே ஒரு பொட்டலத்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். உள்ளே கடுமையான நோய்த்தொற்றோ, உறுப்புகளில் பெரிய தடுமாற்றமோ இருந்தால் முதலில் போவது பசி. ஆர்வமாகச் சாப்பிடும் குழந்தை, ஒரு வாரத்துக்கான பொட்டலங்களோடு வீடு திரும்பலாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைக்கு மருத்துவமனைப் படுக்கையும் எஃப்-75-உம் வேண்டும். ஆய்வகம் எதுவும் இல்லாத ஊரில் இவ்வளவு நுட்பமான பரிசோதனை வேறு எது இருக்க முடியும்!

மலாவியிலும் எத்தியோப்பியாவிலும் இந்த முறை பலன் தந்தது. 2005-இல் நைஜரில் உணவு நெருக்கடி முற்றியபோது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்த ஓர் ஆண்டில் 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தது. பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே தேறினார்கள். படுக்கைகளை மட்டும் நம்பியிருந்தால் இந்த எண்ணிக்கையை நினைத்தே பார்த்திருக்க முடியாது. 2007-இல் ஐ.நா. அமைப்புகளும் இந்த முறையை ஏற்றுக் கூட்டறிக்கை வெளியிட்டன.

மருந்து வீட்டுக்கு வந்த பிறகு, நோயைக் கண்டறிவதும் வீட்டுக்கு வந்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நன்றாக வளரும் குழந்தைக்கும் மேற்கையின் சுற்றளவு அதிகம் மாறுவதில்லை. அதனால் வயதுக்கேற்ற அட்டவணை தேவையில்லை. மூன்று நிறம் பூசிய ஒரு நாடா போதும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் சிவப்பு. நைஜரின் சிந்தேர் பகுதியில் ‘அலிமா’ என்ற மருத்துவ அமைப்பு இந்த நாடாவைத் தாய்மார்களிடமே கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சரியாக அளந்தார்கள். சுகாதாரப் பணியாளர்கள் அளந்த ஊர்களைவிட இந்த ஊர்களில் குழந்தைகள் முன்கூட்டியே சிகிச்சைக்கு வந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தவர்களும் குறைவு.