பறக்காத விளக்குமாறு

மந்திரப் பள்ளியில் படிக்கும் ஒரு மக்குப் பெண்ணின் சிரிப்புக் கதை. அதை வரைந்தவர்களின் கதையும் அதுவேதான்

பள்ளி மைதானத்தில் மாணவிகள் வரிசையாக நிற்கிறார்கள். ஆசிரியை சைகை காட்டியதும் ஒவ்வொருத்தியும் விளக்குமாற்றில் ஏறி மேலே கிளம்புகிறாள். ஒருத்தி மட்டும் கிளம்பவில்லை. விளக்குமாற்றைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு தவளைபோலத் தாவித் தாவிக் குதிக்கிறாள். முகம் சிவக்கிறது, மூச்சு வாங்குகிறது. விளக்குமாறு அசைந்து கொடுப்பதாக இல்லை.

அவள் பெயர் அக்கோ. முழுப் பெயர் அட்சுகோ ககாரி. ஜப்பானிலிருந்து படிக்க வந்தவள். 'லிட்டில் விட்ச் அகாடமியா' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் நாயகி. 2017 ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஜப்பானிய டிவியில் 25 வாரங்கள் ஓடிய இந்தத் தொடரில் அவள் பெரும்பாலும் தரையில்தான் இருக்கிறாள்.

மந்திரப் பள்ளி என்றதும் ஹாரி பாட்டர் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ஹாரி பிறக்கும்போதே குறிக்கப்பட்டவன். அவனைத் தேடிக் கடிதம் வருகிறது. அக்கோவின் குடும்பத்தில் மந்திரம் தெரிந்தவர்கள் யாருமில்லை. சிறுமியாக இருந்தபோது ஷைனி சேரியட் என்ற மேஜிக்காரியின் மேடை நிகழ்ச்சியைப் பார்த்தாள். வாணவேடிக்கையும் ஒளியுமாக இருந்த அந்த ஒரு மாலைப்பொழுது அவளைப் பிடித்து ஆட்டியது. சேரியட் படித்த லூனா நோவா பள்ளியிலேயே சேர்ந்துவிட்டாள். வந்த பிறகுதான் தெரிகிறது, அங்கே சேரியட்டின் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள் என்பது. பரம்பரை வித்தையைக் கூத்தாட்டமாக்கிக் காசு பார்த்தவள் என்பது அவர்கள் கணிப்பு.

பள்ளி இருப்பது இங்கிலாந்தில், பிளைட்டன்பரி என்ற கற்பனை ஊருக்குப் பக்கத்தில். எனிட் பிளைட்டனின் விடுதிப் பள்ளிக் கதைகளைப் படித்து வளர்ந்த இந்திய வாசகர்களுக்கு அந்தப் பெயரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நள்ளிரவுத் தின்பண்டம், கண்டிப்பான ஆசிரியை, எல்லாம் தெரிந்த முதல் மாணவி, எல்லாம் இருக்கிறது. முதல் மாணவியின் பெயர் டயானா கேவண்டிஷ். பழைய மந்திரக் குடும்பத்து வாரிசு. அக்கோவின் அறைத் தோழிகள் இருவர். பின்லாந்துக்காரி லோட்டே, சாது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த சூசி, விஷக் காளான் பிரியை. தன் கலவைகளை அக்கோவின் மேல்தான் சோதித்துப் பார்ப்பாள்.

இந்தத் தொடரின் நகைச்சுவை வழுக்கி விழுவதில் மட்டும் இல்லை. லூனா நோவா ஒரு நொடித்துப்போன நிறுவனம். உலகில் மந்திரத்துக்கு மதிப்புக் குறைந்துவிட்டது, மாணவிகள் வருவதில்லை, கஜானா காலி. ஒரு வாரம் கடன்காரர் வருகிறார். அவர் ஒரு டிராகன். பழங்கதைகளில் தங்கக் குவியலின் மேல் படுத்திருக்கும் அதே ஜாதி. இவரோ ஏகப்பட்ட கம்ப்யூட்டர் திரைகளுக்கு நடுவே உட்கார்ந்து பங்கு வர்த்தகம் செய்கிறார். அசலும் வட்டியும் கேட்டு, பள்ளியின் உயிர்நாடியான மந்திரக் கல்லையே ஜப்தி செய்து எடுத்துப் போகிறார். வாளும் மந்திரமும் உதவவில்லை. டயானா பழைய கடன் பத்திரத்தை வாங்கிப் படிக்கிறாள். டிராகன் மொழியில் எழுதியிருப்பதால் இத்தனை காலம் யாரும் படித்துப் பார்க்கவில்லை. அதில் வட்டி என்ற பேச்சே கிடையாது. கந்துவட்டிக்காரரிடம் கைநாட்டு வைத்தவர்களின் ஊரில் இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது.

ஜப்பானுக்கு மந்திரச் சிறுமிகள் புதிதல்ல. 1966ல் தோயெய் நிறுவனம் தயாரித்த 'சாலி' தொடரில் தொடங்கிய வரிசை அது. 'பிவிட்ச்ட்' என்ற அமெரிக்கத் தொடர் அங்கே பிரபலமானதன் விளைவு. பிறகு எத்தனையோ தொடர்கள் வந்தன. ஆனால் லூனா நோவா பிறந்த விதம் வேறு. அது ஒரு தொழிற்பயிற்சி ஏட்டின் பக்கங்களிலிருந்து வந்தது.

இதைப் புரிந்துகொள்ளக் கார்ட்டூன் படம் தயாராகும் விதம் கொஞ்சம் தெரிய வேண்டும். ஒரு பெண் விளக்குமாற்றில் தாவுகிறாள் என்றால் தாவத் தொடங்கும் நிலை, உச்சி, தரையில் இறங்கும் நிலை போன்ற முக்கியச் சித்திரங்களை மூத்த ஓவியர் வரைவார். அவற்றுக்கு இடைப்பட்ட அசைவுகளை நிரப்புவது இளையவர் வேலை. திரையில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. சிக்கனத்துக்காக ஒரே சித்திரத்தை மூன்று பிரேம்களுக்கு நிறுத்தி, விநாடிக்கு எட்டுச் சித்திரங்களில் முடித்துக்கொள்வது ஜப்பானிய வழக்கம். அப்படியும் ஒரு வாரத்துப் பகுதிக்குச் சில ஆயிரம் தாள்கள் வேண்டும். இடைச் சித்திரத்துக்குக் கூலி தாளுக்குச் சுமார் 200 யென். வரைந்த தாளுக்குத்தான் காசு.

இந்தக் கூலிக்கு ஒரு வரலாறு உண்டு. 1963ல் ஒசாமு தெசுகா தன் 'அஸ்ட்ரோ பாய்' தொடரை அடக்க விலைக்கும் குறைவாக டிவிக்கு விற்றார். அன்று ஆரம்பித்தது என்று பலர் சொல்வதுண்டு. அவர் ஒருவர் தலையில் பழியைப் போடுவது நியாயமா என்பது தனி விவாதம். ஜப்பானிய அனிமேஷன் கலைஞர்கள் சங்கம் 2013ம் ஆண்டு வருமானத்தைக் கணக்கெடுத்தபோது, தொழிலில் இருப்பவர்களின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 33 லட்சம் யென்னாக இருந்தது. இடைச் சித்திரம் வரைபவர்களுக்குச் சுமார் 11 லட்சம். மாதம் ஒரு லட்சம் யென்கூட இல்லை. டோக்கியோவில் அதில் வாடகை கொடுத்துச் சாப்பிடவும் வேண்டும்.

செலவைக் குறைக்க இடைச் சித்திர வேலை கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ் என்று வெளியே போனது. அதில் யாரும் எதிர்பாராத ஒரு நஷ்டம். தாளுக்கு 200 யென் வேலைதான் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. மூத்தவர் கோட்டை ஆயிரம் முறை பின்தொடர்ந்துதான் இளையவர் கை பழகியது. வேலை போனதும் குருகுலமும் போயிற்று. உலகமெல்லாம் ஜப்பானியக் கார்ட்டூனைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், அதை அடுத்து வரைய ஆள் எங்கே என்ற கேள்வி எழுந்தது.

ஜப்பான் அரசின் கலாசாரத் துறை 2010ல் இதற்காக ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆண்டுக்கு நான்கு ஸ்டூடியோக்கள் தேர்ந்தெடுக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் 3.8 கோடி யென். மூத்த கலைஞரின் மேற்பார்வையில் இளம் ஓவியர்கள் ஒரு குறும்படம் வரைய வேண்டும். அப்படித் தேர்வானவற்றில் ஒன்று, 2011ல் தொடங்கிய டிரிகர் என்ற சின்ன ஸ்டூடியோ. இயக்கியவர் யோ யோஷினாரி. கெய்னாக்ஸ் நிறுவனத்தில் 'எவாஞ்சலியன்', 'குர்ரென் லகான்' போன்ற படைப்புகளில் பணியாற்றி, வரைகலைக்காகவே பேர் வாங்கியவர். பயிற்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட கதை, பள்ளியில் சேர்ந்து வித்தை கற்கத் திணறும் ஒரு பெண்ணைப் பற்றியது.

சுமார் 26 நிமிடம் ஓடும் அந்தப் படம் 2013 மார்ச் 2ல் திரையரங்குகளில் வெளியானது. அடுத்த மாதமே யூடியூபில் ஆங்கில சப்டைட்டிலுடன் வைத்தார்கள். பிறகு நடந்ததை ஸ்டூடியோவே எதிர்பார்த்திருக்க முடியாது. இரண்டாவது படத்தைக் கொஞ்சம் நீட்டுவதற்காக ஜூலையில் கிக்ஸ்டார்ட்டர் மூலம் ஒன்றரை லட்சம் டாலர் கேட்டார்கள். சில மணி நேரத்தில் சேர்ந்துவிட்டது. மாதம் முடிந்து கணக்குப் பார்த்தபோது 7,938 பேர் கொடுத்த தொகை 6,25,518 டாலர்.

அந்தப் பணமும் சேர்ந்து 2015ல் வந்த இரண்டாவது படத்தில் அக்கோவும் தோழிகளும் ஒரு தண்டனை வேலையாக ஊர்த் திருவிழா ஊர்வலத்தை நடத்த வேண்டும். அந்த ஊர்வலத்தின் மரபோ அந்தக் காலத்தில் சூனியக்காரிகளைத் துரத்தித் துன்புறுத்தியதை நடித்துக் காட்டுவது. ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்து தக்காளி வீசக் காத்திருக்கும் இடத்தில் போய் நின்று சிரிக்க வைக்க வேண்டும். படம் இதை லேசாகத்தான் தொடுகிறது. இந்தியாவில் பார்ப்பவருக்கு அவ்வளவு லேசாக இருக்காது. சூனியக்காரி என்று முத்திரை குத்திப் பெண்களைக் கொல்வதைத் தடுக்க 1999ல் பிகாரும் 2001ல் ஜார்க்கண்டும் சட்டம் போட வேண்டியிருந்தது. தமிழில்கூட அந்தச் சொல்லுக்குச் சிரிப்பு முகம் கிடையாது.

டிவி தொடர் 2017ல் வந்தது. குழந்தைகள் பார்க்கத் தகுந்த தொடர் ஜப்பானில் ஒளிபரப்பானது நள்ளிரவில்! டிஸ்க் வாங்கும் ரசிகர்கள் விழித்திருக்கும் நேரம் அது என்பது வியாபாரக் கணக்கு. அந்த ஆண்டு ஜூன் 30ல் நெட்பிளிக்ஸ் மூலம் வெளிநாடுகளுக்குப் போன பிறகுதான் பல குழந்தைகள் அதைப் பகலில் பார்த்தார்கள். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மோக்லியைப் பார்த்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் அவர்களில் இருந்தால் ஆச்சரியமில்லை. அந்த மோக்லியும் ஜப்பானில் வரைந்ததுதான்.

நடுப்பகுதியில் ஒரு வாரம் பள்ளியில் வேலைநிறுத்தம். சமையல், துப்புரவு என்று எடுபிடி வேலைகள் செய்யும் குட்டித் தேவதைகள், தங்களுக்குக் கிடைக்கும் மந்திர சக்தி போதவில்லை என்று வேலையை நிறுத்திவிடுகிறார்கள். தீர்வு கொண்டுவருவது குரோவா என்ற புதிய ஆசிரியை. அவரிடம் நவீன இயந்திரங்கள் இருக்கின்றன. மேலுக்குச் சிரிப்பு. ஆனால் அந்தப் பகுதியைத் தாள் கணக்கில் கூலி வாங்கியவர்களும் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டுப் பார்ப்பது கடினம்.

அதைவிடக் கசப்பானது கடைசி வாரங்களில் வரும் முடிச்சு. கதையை முன்கூட்டித் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். அக்கோவால் ஏன் பறக்க முடியவில்லை? அன்றைய மேடை நிகழ்ச்சியில் சேரியட் பயன்படுத்திய மந்திரத்துக்கு எரிபொருளே பார்வையாளர்களின் கனவு. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளிடமிருந்து மந்திர சக்தியை அது உறிஞ்சி எடுத்துவிட்டது. விளைவு சேரியட்டுக்கே அப்போது தெரியாது. எந்த மாலைப்பொழுது அக்கோவை இந்தப் பள்ளிக்கு அனுப்பியதோ, அதே மாலைதான் அவள் பறக்கும் சக்தியையும் பறித்தது. உண்மை தெரிந்த சேரியட் பெயரை மாற்றிக்கொண்டு, அர்சுலா என்ற சாதாரண ஆசிரியையாக அதே பள்ளியில், அதே பெண்ணுக்குக் கூடுதல் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

சின்ன வயதில் ஒரு கார்ட்டூனைப் பார்த்துவிட்டு, அதையே வரைய வேண்டும் என்று டோக்கியோவுக்கு வருகிறார்கள் இளைஞர்கள். அவர்களின் ஆசைதான் தொழிலின் எரிபொருள். கூலி போதாமல் பாதி வழியில் திரும்புகிறவர்களும் அதே ஆசையோடு வந்தவர்கள்தான். யோஷினாரி இதை மனதில் வைத்து எழுதவைத்தாரா என்று தேட வேண்டியதில்லை. பயிற்சிப் படமாகத் தொடங்கிய ஒன்று வேறு எந்தக் குற்ற உணர்வைச் சுமந்திருக்க முடியும்?

கடைசிப் பகுதியில் பெரிய ஆர்ப்பாட்டங்கள் எல்லாம் நடந்து முடிந்து, ஊர் ஓய்ந்த பிறகு, அக்கோ மறுபடி விளக்குமாற்றில் ஏறுகிறாள். தோழிகள் சுற்றி நிற்கிறார்கள். கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். கால் தரையை விட்டு எழும்புகிறது, கொஞ்சம்தான். ஒரு முழம் இருந்தால் அதிகம்.