‘ஒண்ணுமில்லட்டி... சும்மா அசதி!’

என் வீட்டு அலமாரியில் ஒரு வயர் கூடை இருக்கிறது. கூடை என்றா சொன்னேன்? பாதிக் கூடை. அடி போட்டு, பக்கத்தில் ஏழு வரிசை ஏறியிருக்கிறது. கிளிப்பச்சையும் மஞ்சளும் கலந்த சிவன் கண் முடிச்சு. அதற்கு மேல் வயர் முனைகள் நாலா பக்கமும் தொங்குகின்றன. கைப்பிடி இல்லை.

அதைப் பின்னியவள் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. 2016-ம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு 46 வயது.

“ஏன்?” என்று தெருவே கேட்டது. கடன் இல்லை. புருஷன் குடிகாரர் இல்லை. மகள் நன்றாகப் படித்துக் கொண்டிருந்தாள். ஆளுக்கொரு கதை கட்டினார்கள். ஒரு மனிதர் இந்த முடிவுக்கு வருவதற்கு ஒரே ஒரு காரணம் இருப்பது அபூர்வம். ஆனால், அவளுக்கு ஒரு நோய் இருந்தது. மனச்சோர்வு நோய். ‘டிப்ரெஷன்’ என்று சொல்கிறோமே, அதுதான்.

அந்த நோய் ஐந்தாறு மாதம் அவள் வீட்டுக்குள்ளேயே நடமாடிக் கொண்டிருந்தது. வாரம் ஒருமுறை அந்த வீட்டில் காபி குடித்துவிட்டு வந்த நான், நாடி பிடித்து வைத்தியம் பார்க்கிற நான், அதைக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஆகிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வீடு நடந்துகொண்டுதான் இருந்தது

மனச்சோர்வு வந்தவர்கள் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு அப்படி உட்காருவதற்குக்கூட நேரம் கிடையாது!

அவள் கடைசி வாரம் வரை இட்லிக்கு மாவு அரைத்தாள். ஏழு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்டினாள். ரேஷன் கடைக்குப் போனாள். மாமியாருக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். அடுத்தவருக்குச் செய்ய வேண்டிய எதுவும் நிற்கவில்லை.

நின்றது எது தெரியுமா? அவள் தனக்காகச் செய்துகொண்டிருந்த ஒரே வேலை. கூடை பின்னுவது.

சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் கண் சீரியலில் இருக்கும், கை தானாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு எல்லாம் அத்துப்படி. தெருவில் பாதிப் பேர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனது அவள் பின்னிய கூடைதான். காசுக்காகச் செய்யவில்லை. “இது பின்னலைன்னா எனக்குக் கை நமநமங்கும்” என்பாள்.

அந்த வருஷம் மாசியில் விட்டுவிட்டாள். கேட்டதற்கு, “கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்கு” என்றாள். “கண்ணாடி போடு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு வாசல் கோலம் சுருங்கியது. பதினைந்து புள்ளி வைத்துப் போடுகிறவள் நாலு கோடு இழுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். குழம்பில் ஒரு நாள் உப்பு இருக்காது, ஒரு நாள் இரண்டு தடவை விழுந்திருக்கும். பூக்காரம்மா வந்து கூப்பிட்டால் “இன்னைக்கு வேண்டாம்.”

என்னிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “ஒண்ணுமில்லட்டி... சும்மா அசதி. ராத்திரி மூணு மணிக்கே முழிப்பு வந்துருது. அப்புறம் உறக்கம் கிடையாது. காலைல எந்திரிச்சா தலையில மலையத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. சாயந்தரம் ஆனா கொஞ்சம் தேவல.”

நான் என்ன செய்தேன்? மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். ராத்திரி பாலில் கலந்து சாப்பிடச் சொல்லி அமுக்கரா சூரணம் கொடுத்தேன். 

இன்று யோசித்தால் நெஞ்சு பதைக்கிறது. விடியற்காலையில் வழக்கத்துக்கு முன்பே முழிப்பு வருவது, காலையில் மனசு அதிகமாகக் கனத்து சாயங்காலம் சற்று லேசாவது இரண்டும் கடுமையான மனச்சோர்வில் காணப்படும் அடையாளங்கள். அவள் நோயை அவளே எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்!

மொழியும் விழியும்

சித்த மருத்துவத்தில் ‘எண்வகைத் தேர்வு’ என்று ஒன்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் பார்த்துத்தான் நோயைக் கணிக்க வேண்டும். நான் அவளுக்கு நாடி பார்த்தேன், நாக்கை நீட்டச் சொன்னேன். மொழியையும் விழியையும் விட்டுவிட்டேன்.

அவள் பேச்சு மெலிந்து போயிருந்தது. ஒரு கேள்விக்குப் பதில் வர நேரம் பிடித்தது. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. சிநேகிதி என்பதால் நான் கவனிக்கவில்லை. தெரியாத நோயாளியாக வந்திருந்தால் ஒருவேளை கவனித்திருப்பேன். நெருங்கியவர்களிடம்தான் நாம் அதிகம் ஏமாந்து போகிறோம்.

கவலையா, நோயா?

கவலை எல்லோருக்கும் வரும். ஒரு நல்ல சேதி வந்தால் கொஞ்சம் விலகும். மனச்சோர்வு நோய் அப்படி விலகாது. கீழே உள்ளவற்றில் முதல் இரண்டில் ஒன்றாவது இருந்து, மொத்தத்தில் ஐந்துக்குக் குறையாமல், அநேகமாக எல்லா நாளும், இரண்டு வாரம் தொடர்ந்தால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும்:

* நாளின் பெரும்பகுதி மனசு கனத்து, வெறுமையாக இருப்பது
* பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவது
* தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது
* பசியும் எடையும் குறைவது அல்லது கூடுவது
* சின்ன வேலைக்கே ஓய்ந்து போவது
* நடை, பேச்சு மந்தமாவது அல்லது ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் தவிப்பது
* ‘என்னால்தான் எல்லாம்’ என்ற குற்ற உணர்ச்சி
* கவனம் சிதறுவது, சின்ன விஷயத்தில்கூட முடிவெடுக்கத் திணறுவது
* சாவைப் பற்றிய நினைப்பு அடிக்கடி வருவது

ஐந்து சேரட்டும் என்று காத்திருக்கக் கூடாத ஒன்று, பட்டியலில் கடைசியாக உள்ளது. அது ஒன்று இருந்தாலே அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

நம்மவர்கள் ‘மனசு சரியில்லை’ என்று வைத்தியரிடம் வருவது குறைவு. தலைவலி, நெஞ்சில் பாரம், உடம்பெல்லாம் எரிச்சல், ‘கேஸ் டிரபிள்’ என்றுதான் வருவார்கள். ஆண்கள் சிலருக்கு இதே நோய் எரிச்சலாக, கோபமாக, குடியாக வெளிப்படும். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 வைட்டமின் குறைவு இவையும் இதே மாதிரி சோர்வைத் தரும். அதனால் ரத்தப் பரிசோதனையும் அவசியம். நான் அதைக்கூட எழுதிக் கொடுக்கவில்லை.

இது எங்கோ ஒரு வீட்டுச் சமாசாரம் இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போவதில்லை.

கேட்டால் தப்பா?

கடைசியாக நான் போன அன்று, ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தாள். உள்ளே பிரிக்காத வயர் கட்டுகள், கத்தரி, இந்தப் பாதிக் கூடை. “நீயே வச்சுக்கோட்டி. எனக்கு இனிமே எதுக்கு?” என்றாள். அன்றைக்கு முகம் தெளிவாக இருந்தது. சிரித்துக்கூடப் பேசினாள். “இப்பதான் நீ பழைய ஆளா இருக்க!” என்று சந்தோஷப்பட்டுவிட்டு வந்தேன். நான்காம் நாள் போன் வந்தது.

ஆசையாக வைத்திருந்த பொருளை எடுத்துக் கொடுப்பது, ‘இனிமே எனக்கு எதுக்கு’ என்று பேசுவது, நெடுநாள் வாட்டத்துக்குப் பிறகு திடீரென்று அமைதியாகிவிடுவது... இவை அபாய மணிகள். இதைப் பார்த்தால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுங்கள். “செத்துப் போயிடலாம்னு தோணுதா?”

‘ஐயோ, கேட்டால் நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா?’ என்று பயப்படாதீர்கள். ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ‘அப்பாடா, ஒருத்தர் கேட்டுட்டாங்க’ என்று பலருக்குப் பாரம் குறையும்.

‘ஆமாம்’ என்று பதில் வந்தால்:

* அவரைத் தனியாக விடாதீர்கள்.
* அறிவுரையை நிறுத்திக்கொண்டு காது கொடுங்கள். “புள்ளைங்கள நெனச்சுப் பாரு”, “கோயிலுக்குப் போ, சரியாயிடும்” என்பதெல்லாம் ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் இருப்பவருக்கு மேலும் பாரம்.
* வீட்டில் ஆபத்தானவற்றைக் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.
* “யார்கிட்டயும் சொல்லாதே” என்று சத்தியம் கேட்டாலும் செய்யாதீர்கள்.
* அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.
* எந்த நேரமும் பேசுவதற்கு அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை கிடைக்கும். 1986 முதல் சென்னையில் இயங்கும் ‘சினேகா’ அமைப்பின் எண் 044-24640050.

போலீஸ், கேஸ் என்று பயந்து மறைக்கிற குடும்பங்கள் உண்டு. அந்தப் பயம் இனி வேண்டாம். 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில், பழைய 309-வது பிரிவு இல்லை.

சித்த மருந்து போதுமா?

என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. மனநோய்கள் நம் முன்னோருக்குத் தெரியாதவை அல்ல. அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூல் 18 வகைகளைப் பேசுகிறது. வல்லாரை, நீர்ப்பிரமி, அமுக்கரா எல்லாம் வழிவழியாகப் பயன்பட்டு வருகின்றன. லேசான நிலையில் காலை நடை, நேரத்துக்கு உணவு, எண்ணெய்க் குளியல், ஒழுங்கான தூக்கம் இவை கைகொடுக்கும்.

ஆனால் சாவு நினைப்பு வந்துவிட்ட ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு சூரணமும் லேகியமும் கொடுத்துக் கொண்டிருப்பது தவறு. இதைச் சித்த வைத்தியராக இருந்துகொண்டே சொல்கிறேன். மனநல மருத்துவரின் சிகிச்சைதான் முதலில். அந்த மாத்திரைகள் பலன் காட்ட இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். ‘நாலு நாள் ஆச்சு, ஒண்ணும் கேக்கல’ என்று நிறுத்தாதீர்கள். ஆரம்ப வாரங்களில் பக்கத்திலேயே இருங்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் டாக்டர் சொன்னபடி தொடர வேண்டும். எங்கள் மருந்தைச் சாப்பிடுவதாக இருந்தால் இரு டாக்டருக்கும் தெரிந்து சாப்பிடுங்கள். தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்கள் கேட்காமல் அமுக்கரா தொடவே கூடாது.

இருப்பவர்களுக்கு

அவள் போன பிறகு அந்த வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக் கேட்காமல் கேட்ட கேள்வி, “என்னால்தானா?” புருஷன் கேட்டுக்கொண்டார், மகள் கேட்டுக்கொண்டாள், நானும் கேட்டுக்கொண்டேன். பல மாதம் நானே ஒழுங்காகத் தூங்கவில்லை. கடைசியில் ஒரு மனநல மருத்துவரிடம் போய் உட்கார்ந்து பேசினேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்படி ஒரு சாவு நடந்த வீட்டுக்குப் போனால் ‘எப்படி நடந்துச்சு, ஏன் செஞ்சா’ என்று துருவாதீர்கள். ஒரு பாத்திரம் ரசம் கொண்டுபோய்க் கொடுங்கள். இறந்தவர் பேரைச் சொல்லிப் பேசுங்கள். பதினாறாம் நாளோடு விட்டுவிடாமல் மூன்று மாதம் கழித்தும் போங்கள். பிள்ளைகளிடம் அவர்கள் வயசுக்குத் தக்கபடி உண்மையைச் சொல்லுங்கள்: “அம்மாவுக்கு மனசில் ஒரு நோய். அதுக்கு நீ காரணம் இல்லை.” அவர்களில் யாருக்காவது தூக்கமும் சாப்பாடும் கெட்டுக்கொண்டே போனால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அவள் மகள் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது அந்தக் கூடையைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “முடிச்சுடட்டுமா அத்தை?” என்று கேட்டாள். அப்புறம் அவளே, “வேண்டாம், இருக்கட்டும்” என்று வைத்துவிட்டாள்.

உங்கள் வீட்டில் தையல் மெஷின் மேல் தூசி படிந்திருக்கிறதா? பாடிக்கொண்டே சமைப்பவர் பாட்டை நிறுத்திவிட்டாரா? தோட்டத்துச் செடிக்குத் தண்ணீர் விடுவதைத் தாத்தா விட்டுவிட்டாரா? ‘வயசு’, ‘அசதி’ என்று உங்கள் போக்கில் பெயர் வைத்துவிட்டு நகராதீர்கள். இன்று சாயங்காலம் டி.வி.யை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கேளுங்கள். ‘ஒண்ணுமில்ல’ என்று பதில் வந்தால் எழுந்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.