இரத்தக் குழாயின் உட்படலம்

நமது இரத்தக் குழாய்களின் உட்புறத்தே ஓர் உயிரணுவின் கனமே உள்ள படலம் ஒன்று படர்ந்துள்ளது. அது வெறும் உறை என்றே நாம் நெடுங்காலம் கருதியிருந்தோம். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ராபர்ட் பர்ச்காட், முயலின் இரத்தக் குழாயில் இப்படலத்தைச் சுரண்டிவிட்டால் அசிட்டைல்கோலின் என்னும் பொருளால் குழாய் விரிவதில்லை எனக் காட்டினார். படலம் வெளியிடும் நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவே குழாயை விரியச் செய்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

புகைப்பழக்கமும் நீரிழிவும் வீரியமிக்க ஆக்ஸிஜன் துணுக்குகளைப் பெருக்குகின்றன. அவை இவ்வாயுவை அழித்துவிடுகின்றன. நெல்லிக்கனியிலும் கொய்யாவிலும் உள்ள வைட்டமின் சி அத்துணுக்குகளை அடக்க வல்லது. அவ்வாறாயின், மாத்திரையாக விழுங்கினால் போதாதோ? பிரிட்டனில் 20,536 பேரிடம் ஐந்தாண்டுகள் சோதித்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின் உண்டோருக்கும் வெற்று மாத்திரை உண்டோருக்கும் மாரடைப்பில் வேற்றுமை காணப்படவில்லை. மாத்திரை வணிகருக்கு இஃது உவப்பான செய்தியன்று! அதே ஆராய்ச்சியில், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் நல்ல பயன் தந்தது. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு நெல்லிச் சாற்றை மட்டும் நம்புவோரை நாம் அறிவோம். அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய முடிவு இது.

கனிகளை நாம் உணவாக உண்போம். படலத்தில் புண் நேர்ந்தால் அருகிலுள்ள உயிரணுக்களே பெருகி அதனை மூடுகின்றன. புகைப்பதை விட்டவரிடத்தில் படலத்தின் செயல் ஓராண்டுக்குள்ளேயே சீர்படத் தொடங்குகிறது.