மிஞ்சிய ரொட்டியில் ஒரு சத்துருண்டை



விடியுமுன் எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மலைக்குப் போகிற வீட்டில், இராத்திரி மிஞ்சியதை வீச யாருக்கும் மனம் வராது. 2022ஆம் ஆண்டு கோதுமை மா விலை கிடுகிடுவென ஏறியபோது பட்ட பாட்டை மறக்க முடியுமா? என்றாலும் மிஞ்சியது எல்லாவற்றையும் வைக்கக்கூடாது. காய்ந்தது நிற்கும், ஈரமானது கெடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

நன்றாக வெந்த வெறும் ரொட்டியில் ஈரம் குறைவு. மூடி வைத்தால் மறுநாள் வரை இருக்கும். "கல்லு மாதிரி ஆயிருச்சே" என்று நாய்க்குப் போட வேண்டாம். அதில் பிள்ளைகளுக்கு நல்ல உருண்டை பிடிக்கலாம்.

வேண்டியவை: கறி படாத ரொட்டி 3, குரக்கன் மா 1 கோப்பை, தேங்காய்ப்பூ அரைக் கோப்பை, கருப்பட்டி 250 கிராம்.

செய்முறை:

1. ரொட்டியைப் பிய்த்து, சிறு தீயில் மொறுமொறுவென்று வறுத்து, உரலில் இடித்துக்கொள்ளுங்கள்.

2. குரக்கன் மாவை வாசம் வரும்வரை தனியாக வறுங்கள். தேங்காய்ப்பூவையும் பொன்னிறமாக வறுங்கள். ஈரம் இருந்தால் உருண்டை சீக்கிரம் ஊசிப்போகும்.

3. கருப்பட்டியைக் கால் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சுங்கள்.

4. எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன்னே பிடியுங்கள். காய்ந்த டின்னில் போட்டு மூடி, இரண்டு மூன்று நாளுக்குள் சாப்பிட்டு முடியுங்கள்.

குரக்கன் எதற்கு என்று கேட்கலாம். 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. வெள்ளைக் கோதுமை மாவில் 20 மில்லிகிராம் அளவுதான். வளரும் பிள்ளையின் எலும்புக்கு இது வேணும். நமது ஊவாவிலேயே, மொனராகலைப் பக்கச் சேனைகளில் குரக்கன் விளைகிறது. இனிப்பு என்பதால் நாளைக்கு ஒன்று போதும். தின்றதும் வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள்.

இனி சோற்றுக்கு வருவோம். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, வெந்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது பெருகி நஞ்சை விடும். பிறகு எவ்வளவு சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. "நம்ம தோட்டம் குளிர்தானே" என்று நினைக்காதீர்கள். அடுப்போரம் இராத்திரி முழுக்கச் சூடாகத்தான் இருக்கும். தேங்காய்ப்பால் கறியும் அப்படியே. அதனால் சோற்றையும் கறியையும் அளவாக ஆக்கி, அன்றைக்கே முடியுங்கள். பிசுபிசுப்போ கெட்ட வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள். வாடை இல்லை என்பதற்காக நேற்றைய சோற்றைக் கைக்குழந்தைக்கு ஊட்டவும் வேண்டாம்.

பிள்ளைக்கு வாந்தி, பேதி கண்டால் ஜீவனி கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போங்கள். ஒரு பிடி சோற்றைக் கொட்டுவது நட்டம்தான். பிள்ளை படுத்துவிட்டால் இரண்டு நாள் பேரும் போகும், பிள்ளையின் உடம்பும் போகும்.